உள்நுழையாமல் பார்ப்பவள்

ஜூன் 3, திங்கள்

புத்தாண்டுக்கு எங்கள் ஷிப்பிங் ஆபீஸில் கொடுத்த டைரி இத்தனை மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்ல முடியாத எரிச்சலை எங்காவது கொட்டியாக வேண்டும்.

மதியம் சாப்பிட்டு முடித்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் உலகாவின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நின்றது. தொடர்ந்து பார்க்க உள்நுழைய வேண்டுமாம். மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதை அமுக்கியதும் பெட்டி போய்விட்டது. ஆனாலும் மனசுக்குள் ஒரு உறுத்தல். நேற்றுவரை இல்லாத பெட்டி இன்று எதற்கு வந்தது?

உலகா என் தங்கை. முழுப்பெயர் உலகம்மை. கல்யாணமாகிப் போனதிலிருந்து தென்காசியில் இருக்கிறாள். பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னி, படமும் வீடியோவுமாகப் போடுகிறாள். ஊர் பேர் தெரியாத பெண்களெல்லாம் பார்த்துவிட்டு "சூப்பர்மா" என்கிறார்கள்.

நாங்கள் பேசி நாலு வருஷம் ஆகிறது. அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்து, "சாகுற வரைக்கும் அம்மாவ நீயே கைக்குள்ள வச்சிக்கிட்ட, என்னைய அண்டவே விடல" என்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ராத்திரித் துணை இருந்தது நான். தரையில் பாய் விரித்துப் படுத்து இடுப்பு போனது எனக்கு. பேச்சு வாங்கியதும் நானே. "இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பாயசம் வருவதற்குள் எழுந்து பஸ் ஏறினேன். இன்றுவரை மிதிக்கவில்லை.

அவள் பக்கத்தைப் பார்ப்பது வேறு விஷயம். எனக்கு அதில் கணக்குக் கிடையாது. கணக்கு இல்லாதவர்களும் பார்க்கலாம் என்றுதான் திறந்து வைத்திருந்தார்கள். தெருவோடு போகிறவள் திறந்திருக்கிற ஜன்னலைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அது வாசல் மிதிப்பதில் சேராது.

இன்று போட்டிருந்தது சிவன்கண் கூடை. கைப்பிடி கோணல்.

ஜூன் 5, புதன்

பெட்டி மறுபடி வந்தது. இந்த முறை பெருக்கல் குறி இல்லை. பெட்டிக்குப் பின்னால் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கூடை மங்கலாகத் தெரிகிறது. அது கூடையா, சாப்பாட்டு மூடியா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

பக்கத்து மேஜை ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, ஸ்கிரீன இப்படி மொறைக்கீங்க?"

"தங்கம் விலை பாக்கேன்."

"தங்கம் விலைக்கு லாகின் கேக்குதா?"

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். இந்தப் பெண்ணுக்குக் கண் ரொம்பத்தான் கூர்மை.

ஜூன் 6, வியாழன்

இன்றும் பெட்டிதான். தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூன் 8, சனி

ஒரு வழி கண்டுபிடித்தேன். போனில் பக்கத்தை மூடித் திறந்தால், பெட்டி வந்து விழுவதற்கு முன்னால் கண் இமைக்கிற நேரம் மேலே இருக்கிற படம் தெளிவாகத் தெரிகிறது. கீழே இரண்டு வரியும் தெரிகிறது. மூடித் திறந்து, மூடித் திறந்து, துண்டு துண்டாகப் படித்தேன். நெல்லிக்காய் முடிச்சுக் கூடை, யாரோ மதுரைக்காரி கேட்டாளாம். தொட்டியில் தண்ணீர் நிரம்பி மாடியிலிருந்து வழிந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"ஏம்மா, தண்ணி பூரா தெருவுல போகுது. தூங்கிட்டீங்களா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

ஜூன் 11, செவ்வாய்

இன்று படத்தில் கூடை இல்லை. ஒரு பையில் நைட்டி, துண்டு, பிளாஸ்க் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். கீழே எழுதியிருந்தது:

"வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி அட்மிட் ஆகணும். கொஞ்ச நாள் கூடை போட முடியாது. டாக்டரம்மா சொன்னது என்னன்னா…"

அத்தோடு நின்றுவிட்டது. பக்கத்தில் 'மேலும்' என்று ஒரு சொல். அதைத் தொட்டேன். பெட்டி வந்தது. மூடித் திறந்தேன், தொட்டேன், பெட்டி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தேன், பெட்டி. மேனேஜருடைய டேப்லெட்டை டேட்டா என்ட்ரிக்கு வேண்டும் என்று வாங்கி அதில் பார்த்தேன், அதிலும் பெட்டி.

டாக்டரம்மா என்னதான் சொன்னாள்?

ஜூன் 12, புதன்

பல் பிடுங்குவதற்கு யாரும் நைட்டி எடுத்து வைக்க மாட்டார்கள். கண் ஆபரேஷன் என்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிளாஸ்க் வைத்திருக்கிறாள் என்றால் தங்க வேண்டியிருக்கும்.

ஒருவேளை அவளுக்கே இல்லாமலும் இருக்கலாம். அவள் வீட்டுக்காரருக்கு இருக்கலாம். ஆனால் அவர் நைட்டி போட மாட்டார்.

சாயங்காலம் பெரியப்பா மகள் ஆவுடைக்குப் போன் செய்தேன். சொந்தத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். நேராகக் கேட்டால், நான் கேட்டேன் என்று ராத்திரிக்குள் தென்காசி போய்ச் சேர்ந்துவிடும். அதனால் மாவடு ஊறுகாய்க்கு எவ்வளவு கல்லுப்பு என்று ஆரம்பித்தேன். உப்பு விளைகிற தூத்துக்குடியில் இருந்துகொண்டு உப்புக் கணக்குக் கேட்கிறாளே என்று அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, நல்லவேளை.

"எல்லாரும் சௌக்கியந்தானே? தென்காசிப் பக்கம் மழை உண்டா?" என்றேன்.

"மழைக்கு என்ன. உலகாவ போன வாரம் கோயில்ல பாத்தேன். கொஞ்சம் மெலிஞ்சாப்பல இருந்தா. டயட்டுன்னு சொன்னா. நீ என்ன, இன்னும் அவ கூட பேசலயா?"

உப்பு அளவைக் குறித்துக்கொண்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஆவுடைக்கே தெரியவில்லை. ஊரான் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள், சொந்தத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சுபாவம் என்றைக்கும் இதுதான்.

மெலிந்திருக்கிறாளாம்.

ஜூன் 13, வியாழன்

உலகாவின் நம்பரைச் சண்டை நடந்த அன்றைக்கே போனிலிருந்து எடுத்துவிட்டேன். மனசிலிருந்து எடுக்க வழியில்லை, பாழாய்ப்போன நம்பர் அப்படியே நிற்கிறது. ஒரு போன் போட்டால் முடிகிற காரியம்தான். போட்டால் என்ன சொல்வது? ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது திரை போட்டுவிட்டார்கள், அதனால் கூப்பிடுகிறேன் என்றா?

திரைச்சீலையெல்லாம் கழற்றித் துவைத்தேன். அழுக்கே இல்லை. மறுபடி மாட்டினேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்று கண் இமைக்கிற நேரமும் போயிற்று. பக்கத்தைத் திறந்தால் நேராகக் கணக்குத் தொடங்கச் சொல்கிற இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. பேர் வேண்டுமாம், பிறந்த தேதி வேண்டுமாம், போன் நம்பர் வேண்டுமாம். ஒரு வயர் கூடையைப் பார்ப்பதற்கு இவ்வளவு விசாரணை. ரேஷன் கடைக்காரன்கூட இத்தனை கேட்பதில்லை.

நான் கணக்குத் தொடங்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே போனால் பேர் தெரியும். பேர் தெரிந்தால், 'அக்கா வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்' என்று ஆகிவிடும். பார்ப்பது எனக்குப் பிரச்சினை இல்லை. பார்த்தேன் என்று அவளுக்குத் தெரிவதுதான் பிரச்சினை.

அடுத்த வெள்ளி அட்மிட்.

ஜூன் 15, சனி

ஆபீஸ் அரைநாள். கொழும்புக்குப் போகிற சரக்கின் பில்லில் வெங்காயத்தை வாழைப்பூ என்று அடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. ஜெசிந்தா பார்த்துத் திருத்தினாள்.

"அக்கா, ஒரு வாரமா நீங்க சரியில்ல. என்ன பாக்கணும்னு சொல்லுங்க, என் ஐடில தொறந்து காட்டுதேன். ரெண்டு நிமிஷம்."

போனை என் முன்னால் வைத்துவிட்டாள். உலகம்மை என்று அடித்தால் போதும். ஆனால் ஜெசிந்தா படிப்பாள், யாரிது என்பாள், என் தங்கை என்று நான் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவள் ஆஸ்பத்திரி போவது உங்களுக்குத் தெரியாதா என்று அடுத்து கேட்பாள். வாயால் கேட்காவிட்டாலும் முகத்தால் கேட்பாள்.

"ஒரு கூடை டிசைன்தான், அவசரமில்ல" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

செய்துவிட்டேன்.

காலையில் காபி குடித்த கையோடு உட்கார்ந்து கணக்குத் தொடங்கினேன். பிரமநாயகி என்று போட்டால் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன், உடனே பிடிபட்டுவிடுவேன். அதனால் வசந்தா என்று போட்டேன். யாருக்கும் நாலு வசந்தாவையாவது தெரிந்திருக்கும். படத்துக்கு ஒரு கிளியை வைத்தேன். நம்பர் மட்டும் என்னுடையதைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அதை யாருக்கும் காட்டாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அப்புறம் அதற்கு அனுமதியா, இதற்கு அனுமதியா என்று கேட்டுக்கொண்டே போனது. ஆபீஸில் தாளைப் புரட்டிச் சீல் குத்துவதுபோல எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமுக்கிவிட்டேன்.

கதவு திறந்தது. உலகாவின் பக்கத்துக்குப் போய் 'மேலும்' என்பதைத் தொட்டேன். இந்த முறை பெட்டி வரவில்லை.

"…கர்ப்பப்பையில கட்டி இருக்கு, பெருசா இருக்கு, எடுத்துதான் ஆகணும்னு. எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு அதுக்குப் பிறகுதான் தெரியும். பயமில்ல. ஒரு உதவி மட்டும் வேணும். பொம்பள வார்டு. ராத்திரி துணைக்குப் பொம்பள ஆளுதான் தங்கணும்னு கண்டிஷனா சொல்லுதாங்க. எங்க வீட்டுக்காரர விட மாட்டாங்க. எனக்கு மக கிடையாது. மகன் பூனாவுல. தென்காசிப் பக்கம் சம்பளத்துக்குத் தங்குற நல்ல ஆள் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க."

இரண்டு தடவை படித்தேன். பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை, வெறுமனே எரிந்துகொண்டிருந்தது.

கூலிக்கு ஆள் தேடுகிறாள். அக்கா ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இங்கே உட்கார்ந்திருக்கும்போது ஊரில் ஆள் தேடுகிறாள். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. கீழே கருத்துகளைப் பார்த்தேன். 'கடவுள் துணை இருப்பார்' என்று ஒருத்தி. கடவுளை வார்டுக்குள் விடமாட்டார்கள், பொம்பள ஆளாக இருக்க வேண்டுமே. கடையநல்லூரில் ஒரு அம்மா இருப்பதாக இன்னொருத்தி எழுதியிருந்தாள். யாரோ, எவளோ. ராத்திரி கூப்பிட்டால் எழுந்திருப்பாளா, பெட்பேன் வைக்கத் தெரியுமா, ஒன்றும் தெரியாது.

கை தானாக அவளுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. வசந்தாவின் பேரில்தான்.

"வணக்கம். எனக்கு ஆஸ்பத்திரியில் துணை இருந்து அனுபவம் உண்டு. நான் வந்து தங்குகிறேன். சம்பளம் வேண்டாம்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. வசந்தாவாக வார்டுக்குள் எப்படிப் போய் நிற்பேன்? என் மூஞ்சியை என்ன செய்வது?

ஜூன் 17, திங்கள்

காலையில் பதில் இருந்தது.

"ரொம்ப நன்றி வசந்தா அம்மா. உங்களுக்கு நல்ல மனசு. எனக்கு ஒரு அக்கா இருக்கா, தூத்துக்குடில. அவ வரலன்னா உங்களக் கூப்பிடுதேன்."

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் என்னைப் பற்றிச் சொல்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ்ஸில் நின்றபடி பதில் அடித்தேன்.

"அக்காவிடம் கேட்டீர்களா?"

"இல்ல. கேட்டா வருவாளான்னு தெரியல. பெரிய கோவக்காரி."

"கோபம் வேறு, ஆஸ்பத்திரித் துணை வேறு. கேட்டுப் பாருங்கள்."

"நாலு வருஷமா எனக்கு ஒரு போன் கிடையாது. நாந்தான் வாய விட்டேன், ஒத்துக்கிடுதேன். ஆனா அம்மா கடைசி ராத்திரி நான் வார்டு வாசல்லதான் நின்னேன். ஒரு ஆளுக்குத்தான் பாஸுன்னு சொல்லி அக்கா உள்ள போயிட்டா. கொஞ்ச நேரம் மாத்தி விட்டிருக்கலாம்லா?"

இதற்கு வசந்தா என்ன பதில் சொல்வாள்? அவளுக்கு அந்த ராத்திரியைப் பற்றி என்ன தெரியும்? நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போய்விட்டது. அனல்மின் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். ஆபீஸுக்குத் தாமதம்.

பதில் அனுப்பவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஜெசிந்தா காலையில் சிரித்துக்கொண்டே வந்தாள். "என்ன வசந்தாக்கா, சௌக்கியமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைக் காட்டினாள். 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று என் கிளி உட்கார்ந்திருந்தது. கிளிக்குப் பக்கத்தில் வசந்தா. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'உங்கள் தொடர்புகளில்: பிரமு மேடம்'.

"நம்பர் குடுத்தீங்கள்லா, அதான். யாரெல்லாம் போன்ல உங்க நம்பர் இருக்கோ அவங்களுக்கெல்லாம் காட்டும். நீங்க என்ன பேரு போட்டாலும் சரி, அவங்க எப்படி சேவ் பண்ணிருக்காங்களோ அப்படிக் காட்டும்."

"நம்பர அழிச்சிருந்தா?"

"அழிச்சிருந்தா காட்டாதுக்கா. ஏன், யாரு அழிச்சிருப்பாங்கன்னு பாக்கீங்க?"

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வசந்தா நான்தான் என்று தெரிந்தேதான் உலகா நேற்றுப் பேசியிருக்கிறாள்; இல்லாவிட்டால் யாரோ ஒருத்தியிடம் அக்கா கதையை எதற்குச் சொல்கிறாள்? கோவக்காரி என்று என் மூஞ்சிக்கு நேராகத்தான் சொல்லியிருக்கிறாள். வார்டு வாசலில் நின்றதையும் என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். நான் அவள் நம்பரை அழித்தேன். அவள் என்னுடையதை அழிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து போன் போட்டேன். உடனே எடுத்தாள்.

"சொல்லுங்க வசந்தா அம்மா."

"ஏட்டி, வெளயாடாத."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றேன்.

சொன்னாள்.

"அந்தக் கடையநல்லூர்காரிய வரச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. நான் வியாழக்கிழமையே வந்திருதேன். பிளாஸ்க் ஒண்ணு பத்தாது, நானும் ஒண்ணு கொண்டாரேன்."

"வீட்டுக்கு வருவியா, நேரா ஆஸ்பத்திரிக்கு வருவியா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குத்தான்" என்றேன்.

ஜூன் 20, வியாழன்

தென்காசி வந்து சேர்ந்தேன். சாரல் விழுகிறது. உலகா மெலிந்துதான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்க, வாங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் பால் வாங்கப் போய்விட்டார். வீடு முழுக்கக் கூடைகள். கைப்பிடி கோணல் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது.

ஜூன் 21, வெள்ளி

அட்மிட் ஆயிற்று. ஆபரேஷன் நாளைக் காலையில். வார்டில் எட்டுக் கட்டில், உலகாவுக்கு ஜன்னலோரம். துணை ஆளுக்கு ஒரு பாஸ் கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். நர்ஸ், "நீங்க யாரும்மா?" என்று கேட்டாள். அக்கா என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். முடி பாதிதான் இருக்கிறது. டெஸ்டில் என்ன வருமோ என்று நினைத்துக்கொண்டே பின்னினேன், இரண்டு தடவை அவிழ்த்துப் பின்ன வேண்டியதாயிற்று. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

"அக்கா."

"என்ன?"

"அம்மாவுக்கும் நீயே இருந்த, எனக்கும் நீயே இருக்க. எல்லாருக்கும் நீயே இருந்துக்கிட்டா, நாளைக்கு உனக்கு யாரு இருப்பா?"

"யாராச்சும் இருப்பாங்க."

"யாராச்சும் என்ன யாராச்சும். நான் இருப்பேன். அப்ப பாஸ எங்கிட்ட குடுத்திரணும். நீயே வச்சிக்கிடக் கூடாது."

சரி என்றேன். அதற்கு முதலில் நீ நல்லபடியாக எழுந்து வர வேண்டும் என்று சொல்ல நினைத்து, பின்னலின் நுனியில் ரப்பர்பேண்டைச் சுற்றினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிப்போனாள். வெந்நீர் பிடிக்கப் போக வேண்டும், அவள் விட்டதும் போகலாம்.